நடிப்புக்கு ஒரு நிக்காஹ்

அரசின் பிராந்தியத் தொலைக்காட்சிக்கு அறுகம்பேக் கடலின் அலைகள் அலுத்துப்போன காலத்தில் எங்கள் ஊருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கரையோர முஸ்லிம்களின் பாரம்பரியத் திருமணத்தைப் படம்பிடிக்க வருகிறோம் என்றார்கள். ஊரில் வாரந்தோறும் கல்யாணம்தான். ஆனால் அவை மண்டபத்தில், நீல விளக்குகளின் கீழ், ஐஸ்கிரீம் சகிதம் நடப்பவை. அவற்றில் பாரம்பரியம் போதாதென்று தயாரிப்பாளர் அபிப்பிராயப்பட்டார். ஆகவே ஒன்றை நடிப்பதென்று முடிவாயிற்று.

பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னை ஆலோசகராக்கினார்கள். பொலிசிடம் அனுமதி, பள்ளிவாசலில் அனுமதி, ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. மணப்பெண்ணாக நடிக்க என் அயல்வீட்டுக்காரர் தன் மகளையே தந்தார். அவள் ஆசிரியை. கட்டாரில் வேலைசெய்யும் ஒருவருடன் அவளுக்கு நிச்சயமாகி, பெருநாள் கழிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வேஷம் எதிர்வீட்டு உதிரிப்பாகக் கடைக்காரருக்கு. எடுப்பான தாடிதான் தகுதி. குரவை போடும் பெண்களுக்குத் தலைமை அவருடைய மனைவி.

கோல்களைத் தட்டிப் பொல்லடிக்காரர் ஆடிவர, மாப்பிள்ளை வந்து அமர்வதோடு காட்சி முடிய வேண்டும். தயாரிப்பாளருக்கு அது போதவில்லை. பள்ளிவாசல் கதீப் அசர் தொழப் போயிருந்தார். நான் வீதியில் ஓட்டோக்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் தயாரிப்பாளர், பெண்ணின் வாப்பாவே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் வசனத்தைச் சொல்லட்டும் என்றிருக்கிறார். வாப்பா சொன்னார், கணீரென்று. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். இரண்டு ஹாஜியார்கள் சாட்சிகளாகத் தலையாட்டினார்கள். குரவை எழுந்தது. பெண்ணிடம் மட்டும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் காட்சி முழுக்க அசலாகவே அமைந்துவிட்டது.

தொழுதுவிட்டு வந்த கதீப் விஷயம் கேட்டு வாசலிலேயே நின்றார்.

"பொண்ணக் குடுக்கிற வலீ வாப்பா, சாட்சி ரெண்டு பேர், இவர் ஓம் எண்டுட்டார். மறுகா என்ன மிச்சம்? விளையாட்டுக்குச் சொன்னாலும் நிக்காஹ் நிக்காஹ்தான்."

"நாங்க 'கற்பனை' என்று எழுத்துப் போட்டுடுவோம்" என்றார் தயாரிப்பாளர்.

வாப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "சேர், பதியல்லயே! பதியாட்டிச் செல்லாதுதானே?"

"பதியாதது குற்றமாகலாம். கல்யாணம் கல்யாணம்தான்" என்றேன். ஆலோசகர் பதவியில் நான் சொன்ன முதல் ஆலோசனை அது.

உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி வந்தாள். "அல்லாட காவல்! எனக்கு நானே குரவை போட்டுச் சக்களத்தி எடுத்துட்டேனே!"

"நீதானேகா போகச் சொன்ன!" என்றார் கடைக்காரர்.

"நடிக்கத்தானே சொன்னன்! இப்ப சொல்லுங்க தலாக்க!"

அவர் சொன்னார். அவ்வளவு அவசரமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூடி வாழாததால் பெண் இத்தா என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை என்றார் கதீப். வாப்பா வியர்வையைத் துடைத்தார். ஆண்கள் எல்லோரும் பிரச்சினை தீர்ந்ததென்று தேநீர் கேட்டார்கள்.

"சேர், பதிவில மின்விசிறிச் சத்தம் விழுந்திருக்கு. நிக்காஹை மட்டும் இன்னொரு தரம் எடுப்போமா?" என்றார் தயாரிப்பாளர்.

அப்போதுதான் மணப்பெண் எழுந்து வந்தாள்.

"ஓம், எடுங்க. மாப்பிள்ளையா நீங்களே இருங்க. மறுகா கட்டாருக்குக் கோல் எடுத்து நீங்களே சொல்லுங்க, பொண்டாட்டிய டீவியில பாருங்க எண்டு." பிறகு குரலைத் தணித்தாள். "எடுத்ததெல்லாத்தயும் அழிச்சிருங்க."

அழிக்க முடியாதாம். ஒளிப்பதிவு அரச சொத்தாம்; பணிப்பாளரின் அனுமதி வேண்டுமாம். வாப்பா நிலத்தைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

தொலைக்காட்சி நிலையத்தில் கையளிக்கப்படும்வரை ஒளிப்பதிவு அரச சொத்தாகாது என்றேன். ஒரு சுற்றறிக்கை இலக்கத்தையும் சொன்னேன். அப்படியொரு சுற்றறிக்கை இருக்கிறதா என்று தயாரிப்பாளர் கேட்கவில்லை. இலக்கம் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கமராக்காரர் ஒவ்வொன்றாக அழித்தார். திரை வெறுமையாகும்வரை அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.