இல்லாத அக்காவுக்காகத் திரும்பிய படகு

பெங்களூரில் படகில் போயிருக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. பொம்மனஹள்ளிப் பக்கம் ஏரி நிரம்பி எங்கள் லேஅவுட்டுக்குள் வந்த வருஷம், வீட்டு வாசலிலேயே ரப்பர் படகில் ஏறினேன். எனக்கு ஒன்பது வயது.

தம்பிக்கு விடிந்ததிலிருந்து வீசிங். கரண்ட் இல்லாததால் நெபுலைசர் ஓடவில்லை. ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, நேராகப் போனால் பத்து நிமிஷம் என்றார்கள் படகுக்காரர்கள் இருவரும். அம்மா தம்பியை மடியில் சாய்த்து, அவன் நெஞ்சில் கை வைத்திருந்தாள். அப்பா "சீக்கிரம், சீக்கிரம்" என்று துடுப்பு போடுகிறவர்களின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் அம்மாவின் போன் அடித்தது. எங்கள் துணிகளுக்கு இஸ்திரி போடும் அம்மாள்தான். காலையில் ஒக்கலிபுரம் போனவள் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகள் மட்டும் பின் தெருவில், ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயின் ஓரத் தகரக் கொட்டகையில் தனியாக இருந்தாள். போனில் அந்த அம்மாள் அழுதது எனக்கே கேட்டது.

"அண்ணா, லெஃப்ட்ல திருப்புங்க" என்றாள் அம்மா.

"ஆகல்லம்மா, முடியாது. கால்வாய்ப் பக்கம் தண்ணி இழுக்குது. யாராச்சும் இருந்தா அடுத்த ட்ரிப்புல பாக்கலாம்."

காலையிலிருந்து எல்லாருக்கும் அதே பதில்தான்.

"என் பெரிய பொண்ணு அங்க இருக்காண்ணா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய பெண் நான்தான், படகில்தான் இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா அம்மாவையே பார்த்தார். படகு திரும்பியது.

பின் தெருவில் தண்ணீர் எங்களை இரண்டு முறை மதிலில் மோதவிட்டது. விசில் போலக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் மூச்சுச் சத்தம் குறைந்துபோனது. அவனுக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அம்மா ஏன் அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்று புரியவில்லை.

அந்தப் பெண் இஸ்திரி மேஜைமேல் முழங்கால் தண்ணீரில், கூரைக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"வா கண்ணு" என்றாள் அம்மா.

அவள் "ஆன்ட்டி!" என்று கத்தினாள். படகுக்காரர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைத் தூக்கி என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

தம்பி இரண்டு நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்தான். அப்பா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அவருக்குப் பொய் ஆகாது. ஹோம்வொர்க் விஷயத்தில் சொன்ன ஒரு பொய்க்காக என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவர். அம்மாவுக்கும் அதே தண்டனைதான் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். போதாக்குறைக்கு நானே போய்ப் புத்தி வேறு சொன்னேன்.

"சாரி கேட்டுடும்மா. விட்டுடுவாங்க."

அம்மா, தூங்கும் தம்பியின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே, "கேட்டுட்டேன்டி" என்றாள்.

அப்பாவிடம்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.