மச்சான் கையில் கயிறு

கிளைட்டன் என் தங்கை விஜிலாவின் புருஷன். அவனைக் கொல்லப் பார்த்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் செய்தது நான்தான்.

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? கல்யாணம் முடிந்த மறுவாரமே கிளைட்டனின் கயிறு என் கைக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷம் அவன் தண்ணீருக்குள், நான் வள்ளத்தில். கீழிருந்து கயிறு ஒரு தரம் சுண்டினால் கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும். என்ன ஏது என்று யோசிக்க நேரம் கிடையாது. தூக்கத்தில் சுண்டினாலும் என் கை இழுத்துவிடும்.

போன வருஷத் தொடக்கத்தில் அவன் காதுச் சவ்வு கிழிந்தது. இனி முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரி நம்பர் எழுதும் வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து டிவி முன்னால் உட்காருவான். என்ன படம் ஓடுகிறது என்று கேட்டால் முழிப்பான்.

"ஆளு உயிரோட இருக்காரு அண்ணே, வீட்டுல இல்ல" என்று விஜிலா ஒருநாள் என்னிடம் அழுதாள்.

அப்புறம்தான் இந்தப் பாறையேறும் கிறுக்கு வந்து சேர்ந்தது. யார்டில் கூட வேலை பார்க்கும் பெவின், ஞாயிற்றுக்கிழமைகளில் கயத்தாறு தாண்டி ஒரு மொட்டைப் பாறையில் ஏறுகிறவன். கிளைட்டனும் ஒருநாள் அவன்கூடப் போனான். திரும்பி வந்து இரண்டு தட்டு சோறு தின்றானாம். விஜிலாவுக்கு அப்போது ஏழு மாதம், இரண்டாவது பிள்ளை. என்னைக் கூப்பிட்டு, "நீ போய்க் கயிறு பிடி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏளா, அவனத் தடுக்காம என்னையப் போகச் சொல்லுத, உனக்கும் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"தடுத்தா ஒளிச்சுப் போவாரு. அப்ப எவன் கையிலயோ கயிறு இருக்கும்."

அடுத்த ஞாயிறு கோவிலில் முதல் பூசை முடிந்த கையோடு கிளைட்டனின் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

"அப்படி என்னதாம்ல இருக்கு அங்கன?"

"யார்டுல ஒரு நாளைக்கு ஆயிரம் நெனப்பு மச்சான். ஒண்ணுகூட என்னுது இல்ல. பாறையில அடுத்த பிடி மட்டும்தான். தண்ணிக்குள்ளயும் அப்படித்தான இருந்துச்சு."

"செத்துப்போனா?"

"சாகவா போறேன்? உசிரு எனக்கு இருக்குன்னு அங்கன வச்சுத்தான் தெரியுது."

சவத்து மூதி என்று மனசுக்குள் திட்டினேன்.

பெவின் எனக்குப் பாடம் எடுத்தான். பாறையில் ஆளுயரத்துக்கு ஒன்றாக வளையம் அடித்திருக்கும். ஏறுகிறவன் ஒவ்வொரு வளையத்திலும் கயிற்றை மாட்டிக்கொண்டே போவான். கீழே நிற்கிறவனின் இடுப்பில் ஒரு சின்ன இரும்பு, கயிறு அதன் வழியாகப் போகும். விழுந்தால் அது கடித்துப் பிடிக்கும். அவன் கயிறு கேட்கும்போது விட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ஞாயிறு ஒழுங்காக விட்டேன்.

மூன்றாவது ஞாயிறு பெவின் வேறொருவனோடு பாறையின் மறுபக்கம் போயிருந்தான். கிளைட்டன் ஐந்தாவது வளையத்தைத் தாண்டியிருந்தான். இடது கை ஒரு விரிசலில், வலது கால் எதிலும் இல்லை. தொடை நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. அடுத்த வளையத்தில் மாட்டுவதற்காக அவன் கயிற்றைச் சுண்டினான். கயிறு விடு என்று அர்த்தம்.

என் கை இழுத்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம், முழு பலத்தோடு இழுத்தது.

அவன் கத்தக்கூட இல்லை. பாறையிலிருந்து பிய்ந்து வந்தான். கயிறு என் உள்ளங்கையை எரித்துக்கொண்டு ஓடியது. விடவில்லை. இரும்பு கடித்தது, நான் தரையை விட்டு எழும்பிப் பாறையில் மோதினேன். கண்ணைத் திறந்தபோது அவன் எனக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தான். முழங்காலிலிருந்து ரத்தம் சொட்டியது.

"மாப்ள! ஏலே, பேசுலே!"

"இருக்கேன் மச்சான்."

"நாந்தாம்ல இழுத்துட்டேன். கடல்னு நெனச்சுக் கை இழுத்துட்டு. எறக்குதேன், எறங்கு. இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது."

அவன் குனிந்து என்னைப் பார்த்தான். "உங்கையிலதான் இருக்கு. எறக்குனா எறங்கிருதேன். இனி வரவும் மாட்டேன், சத்தியமா. விட்டா ஏறுவேன்."

இறக்கியிருக்க வேண்டும். மூளை உள்ள எவனும் இறக்கியிருப்பான். விஜிலாவின் வயிறு என் கண்ணுக்குள் நின்றது. ஆனால் மேலிருந்து பார்த்த அந்த முகம், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலிருந்து எழும்புமே, அதே முகம். ஒன்றரை வருஷமாக நான் பார்க்காத முகம். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் இவனைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"ஏறித் தொலை" என்றேன்.

அவன் ஏறினான். ஆறாவது வளையத்தில் கயிற்றைச் சுண்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். உச்சிக்குப் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு முழமாக விட்டேன். அவன் மேலே உட்கார்ந்து கையாட்டியபோது நான் கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

வீட்டில் விஜிலா முதலில் அவன் முழங்காலைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"விழுந்தப்புறமும் ஏறவிட்டியா?"

"விட்டேன்."

அறைவாள் என்று நின்றேன். உள்ளே கிளைட்டன், தான் விழுந்த கதையை மூத்தவளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது, அவனும் சிரித்தான். விஜிலா தலையைத் திருப்பி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மருந்தை எடுத்துவந்து என் உள்ளங்கையில் தடவினாள். அவள் கண்ணீர் காயத்தில் விழுந்து சுரீரென்று எரிந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது ஆறிரும்லா அண்ணே?" என்று கேட்டாள்.