கோமளத்தின் காலில் மீன் தோல்

லேக் மார்க்கெட்டில் முறுக்கும் தட்டையும் போட்டு விற்கும் கோமளம் கொல்கத்தாவுக்கு வந்து முப்பத்தெட்டு வருடமாகிறது. மீன்கடை வரிசைப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. சுற்றுவழியாகத்தான் தன் கடைக்கு நடப்பார்.

பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருந்தது. துர்கா பூஜை சமயத்தில் மூன்று நாள் நின்றபடியே முறுக்குப் பிழிந்தார். செருப்பில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் கோவிந்தராஜன்தான் காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலுக்கு அடியில் புண்.

இரண்டு மாதம் கட்டுப்போட்டும் அது மூடவில்லை. லேக் கார்டன்ஸில் டாக்டர் ஸ்மிதா, செத்த சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரியம்மா முறை வைத்து 'மாஷிமா' என்று அழைத்து வங்காள மொழியில் சொன்னார்:

"மாஷிமா, ரத்த ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. புதுத் தோல் வளர உதவற கொலாஜன் ஷீட் ஒண்ணு புண் மேல வச்சுப் பார்க்கலாம். ஆனா அது மீன் தோல்லேருந்து எடுக்கறது. நீங்க சைவம், அதான் முன்னாடியே சொல்றேன்."

கோவிந்தராஜன் எழுந்தேவிட்டார். "வேற எதுலேருந்தும் எடுக்கறதில்லையா?"

"இருக்கே. மாடு, பன்னி."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குன்னே மீனைக் கொல்றாளா?" என்று கேட்டார் கோமளம்.

"இல்ல. சாப்பாட்டுக்கு வெட்டினதுல மிஞ்சற தோல்."

"அப்போ வையுங்கோ. விரலை எடுக்கறதுக்கு இது தேவலை."

வாரம் ஒருமுறை கட்டு மாற்றினார்கள். புண் அழுந்தாதபடி ஒரு பூட் கொடுத்தார்கள். டாக்டரிடம் தைரியமாகப் பேசிய கோமளத்துக்கு, வீட்டில் பூஜை அறை வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. "நடக்கக் கூடாதுன்னாளே, நீங்களே விளக்கேத்துங்கோ" என்று சொல்லி வந்தார்.

சமையலறைக்கு மட்டும் நடக்கிறாளே என்று கோவிந்தராஜனுக்கு நாலாவது வாரம்தான் உறைத்தது. பெருமாள் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் கோமளத்தின் நாற்காலிக்கு எதிரே மாட்டினார்.

"என்னன்னா இது?"

"உன்னால வர முடியலேன்னா அவர் வரட்டுமே."

கோமளம் அழுதுவிட்டார்.

பதினோராவது வாரம் புண் மூடியது. "ஷீட் மட்டும் காரணமில்ல, பூட் போட்டுப் புண்ணை அழுத்தாம இருந்தீங்க, சர்க்கரையும் குறைஞ்சது. கவனமா இல்லேன்னா திரும்ப வரும்" என்றார் டாக்டர்.

இப்போது மெத்தென்ற செருப்பு. முறுக்குப் பிழிவது ஸ்டூலில் உட்கார்ந்துதான். முன்பு போட்டதில் பாதிதான் போட முடிகிறது. குளித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறார். கால் எப்படி ஆறியது என்று கேட்பவர்களிடம், சைவக்காரர்களானாலும், "டாக்டர் மீன் தோல் வச்சுக் கட்டினா" என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.