முப்பது அங்குல மார்பு

டிரம்பெட் ஊதுவதற்கு மார்பு அகலமாக இருந்தால் போதும் என்று நான் நம்பினேன். உதடு, நாக்கு, விரல் எல்லாம் பிறகு தானாக வரும். முதலில் காற்று வேண்டும், காற்றை அடைத்து வைக்க இடம் வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் இப்படி நம்பியதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்காக மார்கழிக் குளிரில் வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவனை என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது ஒரு பொய். அத்தா, அதாவது என் அப்பா, அப்போது ரியாத்தில் தையல்காரர். நன்னிலத்துப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். மாதம் ஒருமுறை கடைத்தெரு மருந்துக் கடைக்குப் போன் செய்வார். அம்மா பேசியது போக எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கும்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அத்தா."

"படிக்கிறியா?"

"படிக்கிறேன் அத்தா."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. கம்பிக்குள் கடல் இரைவது மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் ஒருநாள் சொன்னேன்: "அத்தா, ஸ்கூல் பேண்டுல டிரம்பெட் ஊதறேன்."

அவர் சிரித்த சிரிப்பு மருந்துக் கடைக்காரருக்கே கேட்டது. அது பிடித்துப்போய் அடுத்த மாதம் இன்னொன்றையும் சேர்த்தேன். ஜனவரியில் திருச்சியில் பள்ளிகளுக்குள் பேண்டு போட்டி, நானும் போகிறேன் என்று. போட்டி உண்மை. நான்தான் அதில் இல்லை.

ஜனவரி பிறந்ததும் அத்தா லீவில் வந்து இறங்கினார். பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும் முன்பே, "போட்டி என்னிக்குடா?" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். தெருவில் இறங்கினால் எல்லோரும் என்னிடம் தேதி கேட்டார்கள்.  

என் நல்ல காலம், டிரம்பெட் வரிசையில் இருந்த ஆறு பேரில் ஒருவன் அந்த வாரம்தான் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் வேலையாம். அவன் இடத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஆள் எடுப்பார்கள் என்று பிரேயரில் அறிவித்தார்கள். கையில் எட்டு நாள். டிரம்பெட்டை அதுவரை நான் தொட்டதுகூட இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில் தங்கிப் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். இரண்டு முறை மார்பளவில் தோற்றவர். தோற்றவருக்குத்தான் விஷயம் நன்றாகத் தெரியும் என்று அவரிடம் போனேன்.

"உங்க பேண்டு மாஸ்டர் யாரு? ரிட்டயர்டு போலீஸ் பேண்டு. அப்ப எதப் பாப்பாரு? மார்புதான் மாப்ளே! சும்மா நிக்கையில ஒரு அளவு, மூச்ச இழுத்துப் புடிச்சா ஒரு அளவு. நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் விரிஞ்சுட்டா நீ உள்ள."

பயிற்சி ஆரம்பமானது. விடிந்ததும் வாய்க்கால். மாமா கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு எண்ணுவார். நான் தண்ணீருக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுங்குவேன். பிறகு பச்சை முட்டை. ஊதிப் பழகுவதற்கு, மாமா தன் சைக்கிள் ஹாரனின் ரப்பர் பந்தைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் குழலை என்னிடம் தந்தார். வாயை வைத்து ஊதினேன். 'பாம்' என்றது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் ஓடிவந்து, "ஐஸ் எங்கண்ணே?" என்றார்கள். எனக்கு வித்தை கைவந்துவிட்டது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஒருநாள் அத்தா வாய்க்கால் பக்கம் வந்தார். "என்னடா பண்றே?"

"பிராக்டிஸ் அத்தா."

அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், "சரி, சளி புடிக்காமப் பாத்துக்க" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை மைதானத்தில் ஏழு பேர் நின்றோம். மாஸ்டர் டிரம்பெட்டை என் கையில் கொடுத்தார். எட்டு நாள் சேர்த்து வைத்த காற்றையெல்லாம் விட்டேன். 'புஸ்' என்றது. ஹாரனுக்குள் சத்தம் போட ஒரு தகடு இருக்கிறது, டிரம்பெட்டில் அந்த வேலையை நம் உதடுதான் செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு நெட்டையன் ஒருவன் மட்டும் கணீரென்று ஊதினான். அத்தாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். காலை ஒடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. எந்தக் கால் என்பதுதான் முடிவாகவில்லை.

அப்போது மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

மாமா வாழ்க! நெட்டையனை அளந்துவிட்டு மாஸ்டர் உச்சுக்கொட்டினார். என் முறை வந்ததும் கண் பிதுங்க மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"முப்பத்திரண்டரை" என்றார். "மூச்ச விடுறா."

நான் விடவில்லை.

"டேய், விடுறா. வெடிச்சிடப் போறே."

விட்டேன். "முப்பது" என்றார். சென்டிமீட்டரில் ஆறு வருகிறது. மாமா சொன்னதற்கும் ஒன்று அதிகம்! கையைத் தூக்கச் சொன்னார், பக்கவாட்டில் நீட்டச் சொன்னார், தோளைப் பிடித்துப் பார்த்தார். "நீ வா."

அப்புறம் தனியே கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டார். "மத்த அஞ்சு பேரும் ஊதுவாங்க. நீ உதட்டுல வச்சுக்க, விரல ஆட்டு, கால் தப்பாம நட. ஊதினே, தோல உரிச்சிடுவேன்."

என் காற்றின் வேகத்தில் மற்ற ஐந்து பேர் சத்தமும் அமுங்கிவிடும் என்று பயப்படுகிறார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

போட்டிக்கு முதல்நாள் பேண்டுக்காரர்கள் போடும் சிவப்புக் கோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அத்தா அதை வாங்கியதும் உள்பக்கமாகப் புரட்டினார். தையல்காரர்கள் துணியின் முகத்தைப் பார்ப்பதில்லை, உள்தையலைத்தான்.

"இது யாருக்குடா தச்சது?"

"எனக்குத்தான் அத்தா. போன வருஷமே அளவெடுத்தாங்க."

"ஓ! போன வருஷம் உன் தோளு பெருசா இருந்துச்சு போல."

அம்மாவின் தையல் மிஷினில் உட்கார்ந்து தோளில் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்தார். ஏன் சிரித்துக்கொண்டே தைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

திருச்சியில் எங்கள் பள்ளிக்கு இரண்டாம் பரிசு. நான் ஊதவில்லை, கால் தப்பவும் இல்லை. போட்டி பார்க்க வந்திருந்த அத்தா, திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "ஆறு பேர்ல நம்ம பையன் சத்தம் தனியாத் தெரிஞ்சிச்சு" என்றார். ஊதாமலேயே எனக்குச் சத்தம் வருகிறது என்று ஒரு வாரம் நம்பினேன். அதற்குள் அத்தாவின் லீவு முடிந்துவிட்டது.

பல வருடங்கள் கழித்து, என் கல்யாணக் கோட்டை அத்தாவே தைத்தார். டேப்பை மார்பில் சுற்றியதும் பழக்க தோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"மூச்ச விடுடா. இழுத்துப் புடிச்சா கோட்டு அளவு தப்பா வரும்."

எனக்குச் சட்டென்று திருச்சி ஞாபகம் வந்தது. "அத்தா, அந்தச் செவப்புக் கோட்டு…"

"உனக்குத் தச்சதில்லேன்னு பொரட்டினதுமே தெரியும். கழுத்துப் பட்டியில வேற பையன் பேருல்ல எழுதியிருந்துச்சு."

"பின்ன ஏன் என் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"நீ போன்ல சொன்னப்ப நான் ஏதாவது கேட்டேனா?" என்றபடி முதுகை அளக்கப் பின்னால் போனார்.

பள்ளியில் ஆறு கோட்டுகள் இருந்தன, ஆள் ஐந்து பேர் இருந்தார்கள். புதிதாகத் தைக்க நாள் இல்லை. திருப்பூருக்குப் போனவனின் மார்பு முப்பது அங்குலம். மூச்சை விட்டால் எனக்கும் முப்பது.