ஓட்டை போட்ட டிரம்

ஓசூர் பழைய பஜாரில் எங்கள் கடை இருக்கும் வரிசை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. முன்னால் கல் தூண், உள்ளே நீளமான இருட்டு, பின்னால் ஒரு முற்றம். அந்த முற்றத்தில்தான் என் வேலை. தொழிற்சாலைகளில் இருந்து வரும் பழைய நீல டிரம்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். முன்னால் நின்று டிரம்மும் பிளாஸ்டிக் சாமான்களும் விற்பது என் வீட்டுக்காரர். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கச் சொன்னால்கூட அழுதுவிடுவேன்.

டிரம்மில் இரண்டு வகை. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழச்சாறு கம்பெனிகளில் இருந்து வருவதைத் திறந்தால் புளித்த மாம்பழ வாசனை அடிக்கும். கழுவினால் தண்ணீர் பிடித்து வைக்கலாம். மற்றது முலாம் பூசும் பட்டறை, பெயிண்ட், பசை என்று எங்கெங்கோ இருந்து வரும். உள்ளே என்ன இருந்தது என்று கொண்டு வந்து போடுகிறவருக்கே தெரியாது. அந்த மாதிரி டிரம்முக்கு மாமனார் காலத்தில் இருந்தே எங்கள் கடையில் ஒரு வழக்கம். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அடிப்பக்க ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிடுவோம். தண்ணீர் நிற்காது. குப்பை போடலாம், மண் கொட்டிச் செடி வைக்கலாம். பாதி விலைதான் வாங்குவோம். மற்ற கடைகளில் எந்த டிரம்மிலும் ஓட்டை இருக்காது, எல்லாம் ஒரே விலை. எங்கள் கடையின் நல்ல பெயர் அந்த ஓட்டையால் வந்தது. எனக்கும் அது வசதி. வாய் திறந்து சொல்ல வேண்டியதை ஓட்டை சொல்லிவிடும் என்று நினைத்திருந்தேன்.

போன ஆடிக்கு முன்னால் வந்த சரக்கில் ஒரு டிரம்முக்கு வாய் விளிம்பு உருகிப்போய் இருந்தது. அதைக் கழுவிய அன்று சாயங்காலம் என் விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக உரிந்தது. மறுநாள் நானே அதற்கு ஓட்டை போட்டேன். பாகலூர் தாண்டி ஒரு கிராமத்து ஆள், ரோஜாச் செடி வைக்க என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தாள். வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போயிருந்ததால் நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் பிளாஸ்டிக் டம்ளர் கேட்டாள். நிறைய வேண்டும் என்றாள்.

"நாளைக்கு எங்க ஊர்ல அம்மனுக்குக் கூழ் ஊத்தறோங்க்கா. இந்த வருசம் எங்க முறை. உங்க கடை டிரம்முலதான் கரைக்கறோம்."

"எந்த டிரம்மும்மா?"

"அதான், எங்க வூட்டுக்காரரு வாங்கினாரே, வாய் கொஞ்சம் உருகினாப்புல இருக்குமே."

"அது ஓட்டை போட்ட டிரம்மும்மா. அதுல குடிக்கற சாமான் எதுவும் வைக்கக் கூடாது."

"ஓட்டையை அடைச்சாச்சுக்கா. எதிர்க் கடையிலயே பசை வாங்கி அடைச்சுட்டாரு. ஒரு சொட்டு ஒழுகல," என்று பெருமையாகச் சிரித்தாள். "புளி போட்டு வேற தேச்சுக் கழுவிட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் எச்சரிக்கை என்று போட்ட ஓட்டையை அவர்கள் பழுது என்று நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் விலை குறைவு என்றும், அடைத்தால் லாபம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் திக்கித் திக்கிச் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். "சரிக்கா, அவருகிட்ட சொல்றேன்" என்று பஸ்ஸுக்கு ஓடினாள். சொல்ல மாட்டாள் என்று அவள் ஓடிய விதத்திலேயே தெரிந்தது.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஓட்டை போட்டுத்தான குடுத்தோம்? வித்ததுல தப்பு இல்ல. அதுக்கு மேல அவங்க பாடு" என்றார். பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

காலையில் அவர் மறுபடி சரக்குக்குப் போனதும், மாம்பழ டிரம் ஒன்றை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

"அக்கா, லேடீஸுக்குத்தான் ப்ரீ. டிரம்மு ஆம்பளையா பொம்பளையா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பேன்.

கோயில் முன்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நடுவில் அந்த டிரம். உருகிய விளிம்பில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கழுத்தில் வேப்பிலை. கூழைக் கரைத்து, மோர் விட்டு, வெங்காயமும் போட்டாகிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் விற்ற டம்ளர்களோடு வரிசையில் நின்றார்கள். பூசாரி இன்னும் மணி அடிக்கவில்லை. அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

டிரம் வாங்கிய ஆள் என்னைப் பார்த்துவிட்டார். "பாருங்கப்பா, பாதி விலைக்கு டிரம் வாங்கினா முழு விலை டிரம் வூடு தேடி வருது!"

"காசு வேணாங்க. இது சும்மா குடுக்கறேன். அந்தக் கூழை மட்டும் குடுக்காதீங்க."

"சும்மாவா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அப்ப கோளாறு இந்த டிரம்முலதான் இருக்குது."

சிரிப்பு. என் குரல் அதற்குள் மூழ்கிவிட்டது. அந்த ஆளின் அம்மா, மூத்த பெண்மணி, மருமகளைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு மொதல்ல ஒரு டம்ளர் ஊத்தும்மா. அம்மன் கூழை வேணாம்பாங்களா?" என்றார்.

டம்ளர் என் கைக்கு வந்தது. முகர்ந்தேன். மோரும் வெங்காயமும்தான் மணத்தது. வேறு எதுவுமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஊரே என் வாயைப் பார்த்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

சிரிப்பு நின்றது. "குடிக்க மாட்டேங்க. உங்க பிள்ளைங்களுக்கும் வேணாம்" என்று உரிந்த விரல்களைக் காட்டினேன். யாரும் விரல்களைப் பார்க்கவில்லை. பேட, பேட, வேண்டாம் என்று கன்னடத்தில் யாரோ என்னைத் தடுத்தார்கள். அம்மனுக்கு வைத்ததை வேண்டாம் என்று சொல்லாதே என்பது போல. கோயிலுக்குள் மணி அடித்தது. முதல் பையன் டம்ளரை நீட்டினான்.

வெங்காயம் நறுக்கிய கத்தி பலகை மேல் கிடந்தது. அதை எடுத்து, குனிந்து, அடியில் இருந்த அடைப்பில் குத்தித் திருகினேன். பேசுவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. கூழ் என் புடவை மேல் பீய்ச்சியடித்து, மண்ணில் ஓடியது.

யாரும் என்னை அடிக்கவில்லை. அந்த ஆள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "போயிரு" என்றார். மூத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா வயித்துல மண்ணைப் போட்டுட்டு நீ எப்படிக் கடை நடத்தறன்னு பாக்கறேன்" என்றார். பஸ் வரும்வரை யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் கடையைத் தாண்டிப் போய் வாங்கினார்கள். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கூழைக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் ஆகாமல்கூடப் போயிருக்கலாம்.

ஆவணியில் அந்த மருமகள் தனியாக வந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கேயே விட்டுவிட்டு வந்த மாம்பழ டிரம்மில்தான் இப்போது தண்ணீர் பிடிக்கிறார்களாம்.

"அந்த டிரம்மை என்னம்மா பண்ணீங்க?"

"வூட்டுல வெக்கக் கூடாதுன்னு மாமியா சொல்லிட்டாங்க. வித்துட்டாருக்கா."

"யாருக்கு?"

"குருபரப்பள்ளி பக்கம், ஹைவேல மோரு, ஜூஸு விக்கறவங்களாம். ஆளு யாருன்னு தெரியாது."

"ஓட்டையோடவா?"

"ஓட்டையோட யாருக்கா வாங்குவாங்க? உள்ளயும் வெளியவும் பசை பூசி, உருகின வாயை அறுத்து, நீலப் பெயிண்ட் அடிச்சுத்தான் குடுத்தாரு. இப்ப பாத்தா உங்களுக்கே அடையாளம் தெரியாது."

வீட்டுக்காரர் கல்லாவில் இருந்து எழுந்தார். ஷட்டரை இழுத்துப் பூட்டி, வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சூளகிரி தாண்டியதும் ரோட்டோரக் கடைகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு கடையிலும் ஒரு நீல டிரம், மேலே ஈரச் சாக்கு. முதல் கடை முன்னால் வண்டி நின்றது. லாரி டிரைவர் ஒருவர் மோரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்களைப் பார்த்து, "ரெண்டு மோருங்களா?" என்று டம்ளரை டிரம்முக்குள் விட்டார்.