ஸ்பீக்கர் ஒயரில் தொங்கிய கல்யாணம்

வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள், ஆம்ப்ளிஃபயரைப் பார்ப்பார்கள்; ஒயர் நுனியில் ‘பின்’ என்கிற பித்தளை முனையை அழுத்திக் கொடுத்தவனை மட்டும் சத்தம் நின்றுபோனால்தான் தேடுவார்கள். அடுத்தவர் வீட்டு டிவி மேஜைக்குப் பின்னால் தூசியில் குப்புறப் படுத்துப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பல் போன விவரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அம்மாவோடு பெண் பார்க்கப் போயிருந்தேன். பெண் பெயர் கோமதி; ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. அதை மறைக்கத் தெரியாமல் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். அதுதான் வினையானது. முன்பல்லில் ஒரு மூலை இல்லை என்பதை அவள் அப்பா, ஓய்வுபெற்ற ஏட்டையா, கவனித்துவிட்டார்.

"பல்லு என்னாச்சு தம்பி?"

"ஒயர் உரிக்கையில போச்சு சார்."

"அதுக்கு டூலு கெடையாதா?"

"இருக்கு சார். டூலு பையில இருக்கும், பல்லு வாயிலயே இருக்கும்லா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஏட்டையா சிரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வருகிறது, அதை நான்தான் மாட்டவேண்டும், வேலையைப் பார்த்த பிறகுதான் சம்மதம் என்றார். வாசல்வரை வந்து இதையும் சொன்னார்: "அடிதடியில பல்லு போனவன எம்புட்டோ பேர ஸ்டேஷன்ல பாத்திருக்கேன். பாட்டுப்பெட்டியில பல்லு போனவன இப்பத்தான் பாக்கேன்."

கட்டுப் போட்ட ஒயர்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர் ஒருவர், ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், எலி கடித்த ஒயரை அவரே முறுக்கி, டேப்புக்குப் பதிலாகச் சொந்தத் தறியில் நெய்த பேண்டேஜ் துணியைச் சுற்றி, நுனியில் முடிச்சும் போட்டு வைத்திருந்தார். அதை அவிழ்த்து, கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, புதுப் பின் அழுத்தினேன். கரகரப்பு நின்றது. மனுஷருக்கு முகம் வாடிவிட்டது. "வயித்த அறுத்துத் தச்ச ஆளையே எங்க துணி சேத்துப் பிடிக்குது. உங்க ஒயரு என்ன, அத விடப் பெரிய நோவாளியா?"

சுபேதாரின் இழுப்பு

மறுநாள் சோழபுரத்தில் ஒரு ஹோம் தியேட்டர் மாட்டும் வேலை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் டெலிபோன் ஒயர் இழுக்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார். பத்து நுனியிலும் பின் அழுத்திவிட்டு நான் எழுந்தேன். அவர் குனிந்து முதல் பின்னைப் பிடித்து ஒரே இழுப்பு. அவர் கையில் பின், தரையில் ஒயர். இரண்டாவதும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு பின்னை இறுக்கும் டூலை முழுசாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்தையும் வெட்டி, முதலிலிருந்து அழுத்தி, ஒவ்வொன்றையும் நானே இழுத்துப் பார்த்தேன். பிறகு அவர் இழுத்தார். ஒன்றும் வரவில்லை. காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பார்டர்ல நீ பின்னு போட்டிருந்தா எதிரியே வர வேண்டாம்லே. ஒரு ஆடு இழுத்தாப் போதும், பட்டாலியனே ஊமையாப் போயிருக்கும்."

ஏட்டையா வீட்டு விசாரணை

ஞாயிற்றுக்கிழமை ஏட்டையா நாற்காலியை எனக்கு நேரே போட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லை ஒயர் பக்கமே கொண்டுபோகவில்லை. டூலால் உரித்தேன், அழுத்தினேன், சோழபுரத்துச் சுபேதாரை நினைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. நடுவில் கோமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

பாட்டைப் போட்டால், தவில் கேட்க வேண்டிய இடத்தில் தகரம் தட்டுகிற சத்தம். ஆம்ப்ளிஃபயரில் இருந்த எல்லாவற்றையும் திருகினேன். போச்சு, அம்புட்டுத்தான் என்று நினைத்தேன். கோமதி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வலது பக்க ஸ்பீக்கர்ல செவப்பையும் கருப்பையும் மாத்தி மாட்டிட்டீக. நான் காப்பி கொண்டு வரையில."

நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! ஒரு பக்கம் மட்டும் மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராக இழுத்துத் தவிலை விழுங்கிவிடும். சரியாக மாற்றி மாட்டினேன். தவில் அடித்த அடியில் காப்பி டம்ளர் ஆடியது.

ஏட்டையா எழுந்து வந்தார். நான் மாற்றிய பின்னையே கழற்றி, ஒரு கையில் பின்னையும் மறு கையில் ஒயரையும் பிடித்து இழுத்தார். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி இழுத்தார். பின் அசையவில்லை. கையைத் தட்டிக்கொண்டார்: "செவப்பு கருப்பு மாறுனா எம்மக சொல்லிக்கிடுவா. இழுத்த ஒடனே கையோட வாரவனத்தான் ஒண்ணுஞ் செய்ய ஏலாது. சாப்பிட வாங்க மாப்ள."

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் பின்னை அழுத்துகிற அதிகாரம் இன்றைக்கும் என்னுடையதுதான், எது சிவப்பு எது கருப்பு என்று முடிவு செய்வது மட்டும் கோமதி.