கொத்தமல்லி சுற்றிய கதாநாயகி

என் கதாநாயகிக்குப் பதினாறு வயது. சைக்கிளில் ஏறினால் பஸ்ஸை முந்துவாள். இராணுவம் நின்றதால் அப்போது எங்களில் ஒருவருமே போகமுடியாத காங்கேசன்துறைக் கடற்கரைக்கு அவள் கிழமைக்கு இருமுறை போய்வருவாள். யாருக்கும் வாய் காட்டத் தயங்கமாட்டாள். நானோ, உரும்பிராய்ச் சந்தியில் செயின் கழன்றால், பூட்டித் தாருங்கோ என்று ஒருவரையும் கேட்காமல் வீடிருக்கிற உடுவில்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வருகிற பிறவி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போரால் பாதை பூட்டியிருந்ததால் கொழும்பிலிருந்து கதைப்புத்தகம் வருவது நின்றுபோயிற்று. இருந்தவற்றை மட்டை கழலும்வரை வாசித்துவிட்டோம். பிறகு நானே எழுதத் தொடங்கினேன். கடதாசிக்கும் தட்டுப்பாடு. விஞ்ஞானக் கொப்பியில் படம் கீறிய தாள்களின் பின்பக்கம் சும்மா கிடந்தது. ஒரு பக்கம் தவளையின் இதயம், மறுபக்கம் என் கதாநாயகி. வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த தோழிகள் இருவரும் சட்டம் போட்டார்கள்:

"பக்கத்துக்கு ஒரு சம்பவமெண்டாலும் நடக்கவேணும். அவள் யோசிச்சுக்கொண்டு நிண்டால் கொப்பியைத் திருப்பித் தந்திடுவம்."

ஆகவே அவள் யோசிக்கவே இல்லை, ஒரே ஓட்டம்தான். கடைசி அத்தியாயத்தில் மட்டும் நின்றாள். தகப்பனுக்கு முன்னால் நின்று, "எனக்கு டொக்டராக விருப்பமில்லை. நான் ஆர்ட்ஸ் படிக்கப்போறன்" என்றாள். தகப்பன் கனைக்கத் தொடங்கினார். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

ஏனென்றால் அது எங்கள் அப்பாவின் கனைப்பு. மூன்று தரம் கனைத்தால் 'இல்லை' என்று பொருள், பிறகு அப்பீல் கிடையாது. இதையும் விடாமல் கதையில் எழுதிவைத்திருந்தேன். கந்தோரில் வேலை பார்த்த அப்பா, நான் பிறந்த அன்றே என்னை டொக்டராக்கிவிட்டார். சாதாரணதரச் சோதினைப் பெறுபேறு வந்துவிட்டது. உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்கிற படிவத்தில் அவர் கையெழுத்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கதாநாயகி ஒரே மூச்சில் சொன்னதை நான் இரண்டு கிழமையாக விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

இந்த நேரம் பார்த்து அம்மா அலுமாரியைத் துப்புரவாக்கினார். சோதினை முடிந்த கொப்பிகளை எல்லாம் மூலைக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். எங்கள் ஊர்ச் சீரகமும் மிளகும் பிள்ளைகளின் கணக்கிலும் சரித்திரத்திலும் சுற்றப்பட்டுத்தான் வீடுவந்தன. நான் ஓடிப்போனபோது என் தாள்களைக் கிழித்துக் கம்பியில் குத்தியாயிற்று.

"நல்ல தடிச்ச தாள், பிள்ளை. ஒண்டும் சிந்தாது" என்றார் கடைக்காரர்.

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. கடையில் ஆட்கள் நின்றார்கள். தாளைத் திருப்பித் தாருங்கோ என்று கேட்க என் கதாநாயகிக்கு வாய் இருந்தது. எனக்கு இல்லை.

அன்று பின்னேரம் அப்பா கொத்தமல்லியோடு வந்தார். சுருளை விரித்து, தாளை உதறி மடித்துவைப்பது அவர் பழக்கம். விரித்தவர் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார்.

"உது உன்ரை எழுத்தெல்லோ?"

"ஓம் அப்பா."

அப்பா தாளை மடித்துவைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனார்.

சீரகம் வந்தது. அடுத்த நாள் கடுகு. பிறகு வெந்தயம், மறுபடி கொத்தமல்லி.

"இஞ்சேருங்கோ, வீட்டிலை ஆருக்குத் தடிமனும் இருமலும்? இவ்வளவு மல்லியை நான் என்ன செய்யிறது?" என்று அம்மா சத்தம் போட்டார். வீணாக்க மனமில்லாமல் மூன்று வேளையும் எங்களுக்கு மல்லித்தண்ணி காய்ச்சித் தந்தார்.

தாளை மட்டும் தாரும் என்று கடைக்காரரிடம் கேட்க அப்பாவுக்கும் வாய் வரவில்லை. என் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இன்னொன்றையும் கவனித்தேன். வீட்டில் இரண்டு நாளாகக் கனைப்புச் சத்தமே இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் தாள்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பக்கத்தில் படிவம்.

"பிள்ளை, உவள் கேட்டதுக்குத் தேப்பன் என்ன சொன்னவர்? அந்தத் தாளை மட்டும் காணேல்லை. மிளகும் வாங்கிப் பார்த்திட்டன்."

"அப்பிடி ஒரு தாள் இல்லை அப்பா. நான் இன்னும் எழுதேல்லை."

"ஏன்?"

"அவர் என்ன சொல்லுவாரெண்டு எனக்குத் தெரியாது." இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனிச் செயின் கழன்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். "எனக்கும் ஆர்ட்ஸ்தான் விருப்பம் அப்பா."

அவர் கனைத்தார். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தரமும் கனைத்தார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தவர், மேலே கிடந்த கனைப்புத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அம்மா வைத்துவிட்டுப் போன மல்லித்தண்ணியை எடுத்து, ஆறிப்போயிருந்ததை ஒரே மிடறில் குடித்து முடித்தார்.

"பேனையைத் தா" என்றார்.